காலிகள்

சனிக்கிழமை. சமையலறை என் முறை.
ட்ரோன்ஹெய்மில் நவம்பர், ஒன்பது மணிக்கும்
இரவின் மிச்சத்தை ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறது.

டப்பாக்களை மிதித்துவிடக் கூடாது.
நசுங்கியதைக் கடை இயந்திரம் திரும்ப வாங்காது.
எட்டுப் பேர் புழங்கும் குளிர்பெட்டி என்பதால்
ஒவ்வொன்றின் தோளிலும் கறுப்பு மையில் ஒரு பெயர்.

ராக்ன்ஹில்டின் புட்டியில் லேபிளே இல்லை.
நகத்தால் உரித்து உரித்து
மேசையில் சுருள் சுருளாகக் குவித்திருக்கிறாள்.
கணிதத் தேர்வு இரண்டாம் முறையும் போயிற்று.
'நன்றாக எழுதினேன்' என்று
வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்ன பிறகு
கைக்கு வேறு வேலை வேண்டியிருந்தது.

ஆஸ்முண்டுக்கு மூன்று டப்பா.
பேருந்தில் ஒருவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்
நின்றுகொண்டே வருகிற பையன்.
மூன்றாவதில்தான் சிக்வேயிடம் அதைச் சொன்னான்.
எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.
எழுந்ததும் 'ஒன்றும் நினைவில்லை' என்பான்.
அப்படிச் சொல்லத்தான் அந்த மூன்றும்.

மாணவர் நலப்பிரிவுப் பெண்மணி
போன மாதம் படிவம் கொண்டுவந்தாள்:
ஏன் குடிக்கிறீர்கள்? பொருந்தும் கட்டத்தில் குறியிடுக.
எட்டுப் பேரும் 'சுவைக்காக' என்றோம்.
நனைந்த அட்டைப்பெட்டியின் சுவை அந்தப் பீருக்கு.

என்னுடையதும் இருக்கிறது, ஒன்று.
தண்ணீர்க் கோப்பையோடு நின்றிருந்தேன்.
உடம்பு சரியில்லையா என்றார்கள்.
மாத்திரை சாப்பிடுகிறாயா என்றார்கள்.
எங்கள்மேல் கோபமா என்றான் சிக்வே.
நான்காவது கேள்விக்குப் பதில் தேடுவதைவிட
டப்பாவைத் திறப்பது சுலபம்.

ஒன்று மட்டும் கனக்கிறது.
தூர்கெய்ர் என்று எழுதியிருக்கிறது.
மேசைமேல் ஏறி ஆடியவன்,
வெறுங்காலோடு பனியில் ஓடியவன்,
'குடி, குடி' என்று எல்லோரையும் விரட்டியவன்.
தொட்டியில் கவிழ்த்தேன்.
நுரை இல்லை. வாடை இல்லை. நிறமும் இல்லை.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

குழாய்த் தண்ணீர்.

அப்படியானால் அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது
என்று துணியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.
சுவருக்கு அப்பால் அவன் குறட்டை.
அல்லது குறட்டை போல ஏதோ.

கடையில் இயந்திரம்
பெயர்களைச் சுழற்றிவிட்டுப் பார்கோடை மட்டும் படித்தது.
ஆஸ்முண்டின் ஒவ்வொன்றுக்கும் இரண்டு குரோன்.
எனக்கு இரண்டு.
தூர்கெய்ருக்கும் அதே இரண்டு.
ரொட்டிக்குக்கூடப் போதவில்லை.

வருகிற வெள்ளி, யாரும் வருமுன்
என் டப்பாவோடு குழாயடிக்குப் போகலாமென்றிருக்கிறேன்.
அங்கே அவன் நின்றிருந்தால்
என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை,
இருவருமே குடிக்காமல்.