புறமுதுகு

புதுவயல் அரிசி ஆலையில்
இரண்டாம் ஷிப்ட் முடிந்த பிறகு
தரையில் சிந்திக் கிடந்த தவிட்டை
உள்ளங்கையால் பரப்பினான் சேவுகன்.
டர்பன் துறைமுகத்தில் ஆறு வருஷம் கிரேன் ஓட்டியவன்.
அங்கே கூட ஓட்டிய வுசுமுசி
பீர் மூடிகளை மேசையில் அடுக்கிக் காட்டியதை
இவன் எங்களுக்குத் தவிட்டில் போட்டான்:
ஒரு மாட்டுத் தலை.

"இது மார்பு. முட்டி நிக்கும், நகராது.
இது ரெண்டும் கொம்பு. எளவட்டம், ஓட்டக்காரப் பயலுக.
எதிரி மார்பைத்தான் பாப்பான்.
கொம்பு புல்லுக்குள்ள வளைஞ்சு போயி
அவன் முதுகுக்குப் பின்னால ஒண்ணு சேரும்."
அவனுடைய இரண்டு விரல்களும் சந்தித்த இடத்தில்
ஓர் உமி மாட்டிக்கொண்டு நின்றது.

கொம்பு எங்களுக்குப் புதிதில்லை.
சிறாவயல் பொட்டலில் தொடையில் வாங்கிய ஒன்றை
அடைக்கலம் இன்னும் தடவிக்கொண்டிருக்கிறான்.
நாங்களே கொம்பாவதுதான் புதிது.

நீள ஈட்டியை விட்டுவிட்டார்களாம் அந்தச் சுலு ஆட்கள்.
எறிந்தால் ஆயுதம் எதிரிக்குச் சொந்தம்.
குட்டை ஈட்டி என்றால்
அவன் மூச்சு உன் முகத்தில் படும்வரை
நீ போயாக வேண்டும்.
செருப்பைக் கழற்றிப்போட்டு
முள்ளை மிதித்து மிதித்துக் காலைப் பழக்கினார்களாம்.
"நெருஞ்சியா?" என்றான் அடைக்கலம்.
"பேரு வேற. குத்துறது ஒண்ணுதான்."

நடுவில் மூவர், கொம்புக்கு இருவர் இருவராக நால்வர்,
ஆக ஏழு.
"அப்ப நாங்க அஞ்சு பேரு?" என்றேன்.
மாட்டுக்குப் பின்னால் ஒரு கோடு இழுத்தான்.
"நீங்க இடுப்பு.
சண்டைக்கு முதுகு காட்டி உக்காரணும்."

சிரித்துவிட்டோம்.
முதுகு காட்டியவனுக்கு நம்மிடம்
எத்தனை வசவு இருக்கிறது!
அவன் சிரிக்கவில்லை.
"பாத்தா ரத்தம் சூடாகும்.
கூப்பிடுறதுக்கு முன்னாலயே ஓடுவீங்க.
ஓடினா நீங்க இடுப்பு இல்ல, கூட்டம்."

கோட்டையூரில் ராத்திரி ஆட்டம், கல்லல் அணியோடு.
அவர்கள் எல்லோர் காலிலும் ஷூ.
நாங்கள் ஐந்து பேரும்
பூட்டிய பெரிய வீட்டின் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம்.
பின்னாலிருந்து யாரோ விசில் அடித்துக் கேட்டார்கள்,
கோபமா மாப்ளைகளா என்று.
முட்டைப்பூச்சுச் சுவர். ஃபோகஸ் லைட்டில்
ஆட்டம் முழுக்க அதில் நிழலாக ஓடியது.
நிழல் பார்க்கலாமா என்று
நான் கேட்டு வைத்திருக்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் பாதியில் மூன்று முறை
கபடி கபடி கப
என்று அறுந்தது.
கொம்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் பாதியில் அறுபடவில்லை.
ஒருவன் மட்டும் திரும்பத் திரும்ப வந்தான்.
மார்பிடம் வரவே இல்லை;
போனஸ் கோட்டைத் தொட்டான், போனான்.
வளைக்க நடுவில் ஆள் இல்லை.
சேவுகன் அன்றைக்குக் கடைசியாகச் சொன்னது
அப்போதுதான் விளங்கியது:
பின்னொரு காலம் அதே கொம்புகள்
நாலு பக்கமும் துப்பாக்கி நீட்டிய ஒரு சதுரத்தைச் சுற்றி வந்தனவாம்.
சுற்றிச் சுற்றித் தேடியும்
அதற்கு முதுகே இல்லை.

கேட்டுக்கொண்டே இருந்தேன்.
இடது கால் ஓர் இழுப்பு,
ஷூ மண்ணைத் தேய்க்கும் சத்தம்,
அப்புறம் தாவல்.
ஒவ்வொரு முறையும் இழுப்பு, பிறகுதான் தாவல்.

"இடுப்பு!"

எழுந்து திரும்பினேன். வெளிச்சம் கண்ணை அடித்தது.
யார் எங்கள் ஆள், யார் அவர்கள் ஆள்,
ஒன்றும் பிடிபடவில்லை.
எல்லோர் முகமும் வெந்திருந்தது;
என் கை மட்டும் சில்லென்று இருந்தது.
இழுப்பு கேட்டது.
தாவலுக்கு முன் கணுக்காலைப் பிடித்தேன்.

ஆட்டம் தோற்றோம், இரண்டு புள்ளியில்.
அடைக்கலம் மண்ணில் குத்திக்கொண்டு அழுதான்.
கல்லல்காரன் கணுக்காலைத் தேய்த்தபடி வந்து
"இவ்ளோ நேரம் எங்கய்யா இருந்தே?" என்றான்.
சுவரைக் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால்
முதுகு பூராவும் கொசு கடித்த தடிப்பு.
எண்ணலாமென்று பார்த்தேன்,
கை எட்டவில்லை.