முள்ளங்கியின் விலை

மூன்று தாள்களையும் சன்னலில் ஒட்டியிருக்கிறேன்.
வெளியே கென்ட் நகரத்து மழை;
டிராம் போகும்போதெல்லாம் எழுத்துகள் நடுங்குகின்றன.

ஜென்சனின் e,
குறுக்குக்கோடு மேலே ஏறி
ஒரு பக்க உதட்டால் சிரிப்பவள்.
காஸ்லனில் வெங்காயம் என்று கோத்தால்
மண்ணோடு பிடுங்கியது போலிருக்கிறது.
கேரமாண்ட் ஒல்லி.
எட்டுப் பக்கம் மிச்சம்.

எட்டு நாளாகத் தூக்கத்திலும்
a-வின் வயிற்றை அளக்கிறேன்.

விதைக்கடை ஓடிலோன் வெர்ஹாகே வந்தார்.
ஈரத் தொப்பியை ஸ்கேனர்மேல் வைத்தார்.
எழுத்தைப் பார்க்கவேயில்லை,
விரல் நேரே விலைக்குப் போனது:
முள்ளங்கி, பத்து கிராம், 3,79.

"ஏன் மூன்றும் தொங்குகின்றன?
விலை இறங்குகிறதென்று
பேரம் பேச மாட்டார்களா?"

பழைய பாணி எண்கள்;
சின்ன எழுத்துகளின் தோளுக்கு இசைந்து
சில குனியும், சில நிமிரும் என்றேன்.

"நிமிர்வது எது?"

ஆறு, எட்டு.

பென்சிலை வாங்கி 3,86 என்று திருத்தினார்.
"மூன்று தொங்கட்டும்.
முள்ளங்கிக்கு ஒரு வேர் போதும்."

எந்த எழுத்துரு என்று கேட்காமலே
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கேரமாண்டில்தான் கோக்கிறேன், காகித விலை அப்படி.
சன்னலில் அந்த e-யை மட்டும்
இன்னும் கழற்றவில்லை.