இருபது சதவீதம்

காளவாசல் பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஜபருல்லா பாயின் பைக் கன்சல்டிங்கில்
பகல் முழுக்க நான் விற்பவை
இரண்டு சக்கரம் உள்ளவை.
ராத்திரி, பொன்மேனி மொட்டைமாடி அறையில்,
இரண்டு கால் உள்ளவை.

ஸ்லோவேனியாவில் ஒரு இரண்டாம் டிவிஷன் கிளப்.
மைதானத்தில் நாலாயிரம் நாற்காலி,
மழை பெய்தால் நாலாயிரமும் காலி.
பொறுப்பேற்ற அன்றே விதி எழுதிக்கொண்டேன்:
பதினேழில் எடு, இருபத்திரண்டில் தள்ளு.
இருபத்தெட்டு தாண்டியவன்
எஃப்.சி. முடிந்த வண்டி.

மாதேய் கொரோஷெட்ஸ்.
கணினி பெற்றுப்போட்ட பிள்ளை.
முகம்கூட எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது,
ஒரு காது பெரிசு.
நாற்பதாயிரம் யூரோ. இடது கால்.

அவனுக்கு விலை ஏற்றிய விதம் சொல்கிறேன்.
நோஞ்சான் அணி வரும் நாளெல்லாம்
முதலில் இறங்குவது அவன்தான்.
பெரிய அணி வந்தால்
தொடையில் பிடிப்பு என்று உட்காரவைப்பேன்.
பெனால்ட்டி எதுவானாலும் பந்து அவனுக்கு.
கேப்டன் முறைத்தான்.
கேப்டனை விற்றேன்.
சீசன் முடிவில் பத்தொன்பது கோல்,
அதில் பதினொன்று பெனால்ட்டி.
அந்தக் கோல்களில் மேல் டிவிஷனுக்கும் ஏறிவிட்டோம்,
அது என் திட்டத்தில் இல்லை.
வாங்க வருகிறவன் பத்தொன்பதைத்தான் பார்ப்பான்.
டேங்க்கில் மெழுகு தேய்த்து
சீட் கவர் மாற்றி
மீட்டரை இருபத்தெட்டாயிரத்தில் நிறுத்திவைத்தால்
என்ஜினை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

ஜனவரியில் ஒரு ஜெர்மன்காரன் வந்தான்.
அவனுடைய ஃபார்வர்டுக்கு முட்டி போயிருந்தது.
அவசரக்காரனிடம் நாம் அவசரப்படக் கூடாது.
எட்டு மில்லியன் என்றான். சிரித்தேன்.
பன்னிரண்டு என்றான். குளிக்கப் போனேன்.
வாடிப்பட்டிச் சந்தையில் துண்டுக்கடியில்
விரல் பிடித்துப் பேசுவதுபோல் பேசி
பத்தொன்பதில் முடித்தேன்.
கூடவே ஒரு கொக்கி:
அடுத்த முறை அவனை விற்றால்
வரும் லாபத்தில் இருபது சதவீதம் எனக்கு.

'நான் போக விரும்பவில்லை'
என்று பையனிடமிருந்து ஒரு செய்தி.
பதிலாக மூன்று வாக்கியம் கொடுத்திருந்தார்கள்.
'உன் நல்லதுக்குத்தான்' என்பதை அழுத்தினேன்.

பிறகு கை ஊறிவிட்டது.
தடுப்பில் கல்லாக நின்ற இருவரை
ஜோடி மாடாக விற்றேன்.
கோல்கீப்பரைத் துருக்கிக்கு.
வங்கியில் அறுபத்தோரு மில்லியன்.
நிர்வாகக் குழு: மிக்க மகிழ்ச்சி.
பட்டியலில்: கடைசிக்கு முந்தின இடம்.

பரோட்டாக் கடை முடித்து
சால்னா வாசத்தோடு ஏறிவந்த தவசி கேட்டான்:
"செயிச்சியா?"
"லாபம்."
"அதக் கேக்கல."
கைலி மாற்றிக்கொண்டு படுத்துவிட்டான்.

கொரோஷெட்ஸை ஜெர்மன்காரன்
ஒரு வருடம் பெஞ்சில் காயப்போட்டு
மாரிபோர் பக்கத்து அணி ஒன்றுக்குக்
கடனாகக் கொடுத்திருந்தான்.
கடைசி ஆட்டம் அவர்களோடுதான்.
சமன் செய்தால் தப்பிப்போம்.
தொண்ணூறாவது நிமிடம், பெனால்ட்டி.
நான் பழக்கிய அதே இடது கால்.
எதிரே என் கீப்பர், பதினேழு வயது,
இருபத்திரண்டில் விற்கவேண்டியவன்.
தவறான பக்கம் பாய்ந்தான்.

திரையில் ஒரு வரி:
கொரோஷெட்ஸ் கொண்டாடவில்லை.
அதற்கும் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறான்
எவனோ ஒருவன், என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டே அவன் பக்கத்தைத் திறந்தேன்.
பிடித்த கிளப் என்ற இடத்தில் எங்கள் பெயர்.
மதிப்பு, ஒரே கோலில் நாலு லட்சம் ஏறியிருந்தது.
என் இருபதுக்கு வேலை வர
இன்னும் ஏழு மில்லியன் ஏறவேண்டும்.
இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான்
கீழே இறங்கிவிட்டோம் என்பது உறைத்தது.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும்
ஒருத்தர் வந்தார், பேன்ட்டில் சிமெண்ட் தூசி.
மெழுகு போட்ட டேங்க்கைப் பார்க்கவில்லை,
மீட்டரைப் பார்க்கவில்லை.
தரையில் முட்டி ஊன்றி
என்ஜினுக்கடியில் குனிந்தார்.
டார்ச் இருக்கா தம்பி என்றார்.

இருந்தது.
கொஞ்ச நேரம் தேடுவதுபோல் தேடினேன்.