ஏழு இலை

தேவகோட்டையில் எங்கள் மடம் ஒரு வாடகை வீடு.
கஜலட்சுமி செதுக்கிய நிலைவாசலில்
ஆணி அடிக்கக் கூடாதென்று பத்திரத்தில் இருக்கிறது.
பாடுபட்ட சுரூபத்தைத் தூணில் கயிற்றால் கட்டியிருக்கிறோம்,
பர்மா தேக்கில் கீறல் விழாமல்.
அவர்கள் கல்யாணம் நடத்திய கூடத்தில் எங்கள் பீடம்.
பெல்ஜியம் கண்ணாடிக்குத் துணி போட்டாயிற்று;
இல்லாவிட்டால் சுவர் பார்த்து லத்தீனில் பூசை வைக்கிறவர்
தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வைக்க நேரும்.

பத்திரத்தில் இன்னொரு வரி:
இரட்டை வீட்டுச் சாவி அவர்களிடம்.
வருஷத்தில் ஒரு நாள், படைப்புக்கு,
முழு வீடும் அவர்களுடையது.

இந்த வருஷம் அந்த நாள்
எங்கள் தியானத்தின் ஆறாம் நாளில் வந்து விழுந்தது.
எட்டு நாள் பெரிய மௌனம்.
கணக்கு எழுதுகிறவன் என்பதால்
எனக்குக் கதவு திறக்க அனுமதி உண்டு,
வாய் திறக்க இல்லை.

ஈப்போவிலிருந்தும் மதுரையிலிருந்தும்
இரண்டு வேனில் பங்காளிகள்.
விறகு, பித்தளை அண்டா,
செல்போன் இல்லாமல் சாப்பிடாத ஒரு குழந்தை.
இரட்டை வீட்டைத் திறந்ததும்
ஒரு வருஷத்துக் காற்று அந்துருண்டை வாசத்தோடு வெளியே வந்தது.
பேழையை இறக்கினார்கள்.
போன வருஷத்துச் சேலையை எடுத்துப் புதுசை வைத்தார்கள்,
உடுத்த ஆளில்லாத சேலை, மடிப்புக் கலையாமல்.

நவம்பர் இரண்டாம் தேதி ஞாபகம் வந்தது:
உள்ளே யாருமில்லாத தூம்பாவுக்கு
நாங்கள் கறுப்புத் துணி போர்த்தி
சுற்றி வந்து தீர்த்தம் தெளிப்பது.
வந்ததை அங்கேயே விட்டேன்.
தியானத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரு பராக்குதான்.

அடுப்படியிலிருந்து உமையாள் ஆச்சி கேட்டார்:
"சாமி, நீங்க எத்தனை பேரு?"
விரல் காட்டினேன்.
ஒரு கை முழுக்க, மறு கையில் இரண்டு.

மத்தியானம் சாப்பாட்டறைக்கு ஏழு இலை வந்தது.
"படைச்சதில்லை சாமி, இது தனி உலை.
வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கவுச்சி ஆகாதுன்னும் தெரியும்."
வெண்டைக்காய் மண்டி, கவுனரிசி, அப்பளம்.

நாங்கள் ஆறு பேர்.
தஸ்நேவிஸ் சாமி ஜூன் மாதம் போய்விட்டார்.
முப்பது நாள் அவர் இடத்தில் சிலுவை வைத்து
அவர் பங்குச் சோற்றை
வாசலுக்கு வந்த யாருக்காவது கொடுத்தோம், முறைப்படி.
முப்பத்தோராம் நாள்
நாற்காலியைச் சுவரோரம் தள்ளியதும் நான்தான்.
என் விரல்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதிபர் மதலைமுத்து சாமி இலைகளை எண்ணினார்.
என்னைப் பார்த்தார்.
எழுந்து போய் அந்த நாற்காலியை
அவரே இழுத்து வந்து போட்டார்.
வேதசாட்சிகளின் பெயர் வாசித்துக்கொண்டிருந்த சந்தியாகு சாமி
ஒரே பெயரை இரண்டு தடவை வாசித்தார்.

போர்வெல் மோட்டார் பார்க்க வந்த கருப்பையா
கிரீஸ் கையோடு எட்டிப் பார்த்தான்.
அதிபர் நாற்காலியைக் காட்டினார்.
கை கழுவி வந்து உட்கார்ந்து
சுற்றிலும் பார்த்துக் கேட்டான்:
"என்ன சாமி, யாரும் பேச மாட்டேங்கிறீங்க.
யாரும் தவறிட்டாங்களா?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"சரி, அந்த மண்டியை இப்படித் தள்ளுங்க."
சந்தியாகு சாமியின் கையில் புத்தகம் குலுங்கியது.

மௌனம் முடிந்த அன்று
குற்றம் ஏற்கும் கூட்டத்தில் முழங்காலிட்டுச் சொன்னேன்:
எண்ணிக்கையில் தவறினேன்.
அதிபர் ஒறுத்தல் எதுவும் கொடுக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
"அடுத்தவர்" என்றார்.

ராத்திரி நோட்டில் எழுதினேன்:
மோட்டார் காயில் கட்ட ஆயிரத்து எண்ணூறு.
மெழுகுதிரி நூற்று நாற்பது.
ஆறாம் நாள் சாப்பாடு, ஏழு பேர், செலவில்லை.
ஏழை அடித்து ஆறாக்கப் பேனாவை எடுத்தேன்.
பூட்டிய இரட்டை வீட்டுக்குள் ஒரு பல்லி சத்தமிட்டது.
அப்படியே கோடு போட்டு
நோட்டை மூடினேன்.