இருபத்தெட்டாயிரம்

பாடாங் செராயில் கடைசிச் சந்து,
சீனக் கோயிலுக்குப் பின்னால் டயர் ஆலை.
இரவு ஷிப்டில் கழுவும் தொட்டி என் பொறுப்பு.

சுற்றிலும் செம்பனை. கித்தா
தாய்லாந்திலிருந்து லோரியில் வருகிறது.
மூவாயிரம் டயர் வார்த்த அச்சு
கிரேனில் தொங்கி என்னிடம் வருகிறது,
பள்ளத்துக்குப் பள்ளம் கித்தாவின் மிச்சம்,
கந்தகம், வெந்து ஒட்டிய எண்ணெய்.
காற்றுப் போகும் துளைகள் ஊசிக்கண்ணிலும் சிறியவை;
அடைத்துக்கொண்டால் டயர் முகத்தில் அம்மைத் தழும்பு.

முன்பு கம்பித் தூரிகை வைத்திருந்தோம்.
அழுக்கோடு எழுத்தும் தேய்ந்தது.
அச்சில் எழுத்தெல்லாம் வலமிருந்து இடம்.
ஜாவி படித்த என்சிக் ஜம்ரி சொல்வார்:
"எனக்கு இது நேராகத்தான் இருக்கிறது, நவமணி."

இப்போது எழுபது பாகைக் காரநீர்.
அச்சை இறக்கிப் பொத்தானை அழுத்தினால்
ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.
நொடிக்கு இருபத்தெட்டாயிரம் அதிர்வு.
மெல்லிய சீறல் ஒன்று உண்டு,
அதையும் பம்பின் உறுமல் விழுங்கிவிடும்.
கண்ணுக்கெட்டாத குமிழிகள்
பிறந்த இடத்திலேயே நொறுங்கி
ஆளுக்கொரு துணுக்கு கரியைக் கிள்ளிக்கொண்டு போகும்.
அரை மணியில் தண்ணீர் கொப்பி-ஓ.

கிச்சாப்புக்கு மட்டும் எல்லாம் கேட்கும்.
நேப்பாளிக் காவலாளி சோறு வைக்கும் கறுப்பு நாய்.
பொத்தானில் கை வைத்தால் போதும்,
காதை மடக்கிக்கொண்டு
குப்பைத்தொட்டிகளுக்கு அப்பால் போய்விடும்.

போன வெள்ளி, விடிகாலை மூன்று மணி.
பச்சை விளக்கு எரிகிறது. பம்பு உறுமுகிறது.
பலகையில் இருபத்தெட்டு என்றே எண்.
கிச்சாப் உள்ளே வந்தது,
தொட்டியின் வெதுவெதுப்பில் முதுகை ஒட்டிப்
படுத்துத் தூங்கியது.

புளிச்சோறு கட்டிவந்த அலுமினியத் தாளை
ஒரு நிமிடம் தண்ணீரில் பிடித்தேன்.
கொசுவலையாய்ப் பொத்திருக்க வேண்டும்.
முழுசாக வந்தது,
புளிக்கறை மட்டும் போயிருந்தது.

ஜம்ரி விளக்கைக் காட்டினார், எண்ணைக் காட்டினார்.
நான் நாயைக் காட்டினேன்.
சிரித்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
அப்புறம் சிரிக்கவில்லை.
அடித்தட்டைக் கழற்றினால் மூலக்கம்பி கருகி
அதிர்விகள் பன்னிரண்டும் ஊமை.
இரவு முழுக்க நாங்கள் அச்சுகளை
வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அறிக்கையில் ஒரு கட்டம்: பழுதைக் கண்டறிந்தவர்.
என் பெயரை எழுதினார்.
ஐம்பது ரிங்கிட் ஊக்கத்தொகை. நான் மறுக்கவில்லை.
நன்றிக்கு நாயைச் சொல்வார்கள்;
அந்தக் கட்டத்தில் அடையாள அட்டை எண்ணும் கேட்டார்கள்.

திங்கள் இரவு புதுக் கம்பி.
கிச்சாப் அதே இடத்தில் படுத்திருந்தது.
ஒரு கோழிக்கால் வைத்துவிட்டு
பொத்தானை அழுத்தினேன்.
எழுந்தது, கோழிக்காலைக் கவ்வாமல்
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

தாளை முக்கி எடுத்தேன்.
துளை, துளை, எங்கும் துளை.
முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்:
வாசல் விளக்கு நூறாய்ச் சிதறித் தெரிந்தது,
அதற்கடியில்
முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.