அசையாதிருக்கச் சொன்னார்கள்

ராய்ஸ் சக்கரத்தடியில் பலகை செருகுகிறான்.
நான் உள்ளே தரையில் குந்தி
பூனைகளின் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கிறேன்:
இடப்பக்கம் இன்னும் ஒரு விரல்.
இன்னும்.
போதும்.
இருபத்தாறு அடி வண்டிவீடு
ஒரு கிண்ணத் தண்ணீருக்குப் பணிந்து
மட்டமாகிறது.

பிறகுதான் டீக்கன் குடிப்பான்.
கோணல் தண்ணீரில் வாய் வைக்கமாட்டான்.
மேபல் எதையும் குடிப்பாள்,
பூச்சாடி, ஆறிய காபி,
ஒருமுறை ராய்ஸின் பல்செட் கிடந்த டம்ளர்.

பூனையோடா பயணம் என்று கேட்காத பெட்ரோல் பங்க் இல்லை.
குறுக்கே போனால்தானே சகுனம்,
எங்களுடையவை கூடவே வருகின்றன
என்று சொல்லிச் சில்லறை வாங்கிக்கொள்வேன்.

மொன்டானாவில் ஹார்லன்ஸ் ஃபோர்க்.
வெள்ளி கிடைத்தபோது மூவாயிரம் பேர்,
பதினொரு மதுக்கடை, ஒரே ஒரு பல் வைத்தியர்.
இப்போது ஊர்ப்பலகையில் நாற்பத்தொன்று.
அந்த ஒன்றையும்
யாரோ ஆணியால் கீறியிருந்தார்கள்.

மறுநாள் விடியலில்
ஜன்னல் வலையில் ஒரு கிழிசல், மேபல் இல்லை.
நீதான் கண்ணாடியைத் திறந்து வைத்தாய் என்றேன்.
நீதான் புழுங்குகிறது என்றாய் என்றான்.
முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில்
இவ்வளவு சுருக்கமாக நாங்கள் சண்டை போட்டதில்லை.

பைஜாமாவோடு தெருவில் இறங்கி
மீன் டப்பாவைத் தட்டிக்கொண்டே நடந்தான்.
நாற்பது பேரில் ஒன்பது பேர் வெளியே வந்தார்கள்.
டப்பாச் சத்தத்துக்கு இது பெரிய கூட்டம்.
மியூசியத்துச் சாவி வில்லா ப்ருகார்டிடம் இருந்தது,
சிவப்பு நூலில் கோத்து, கழுத்தில்.

எத்தனை பழைய ஊர்கள் பார்த்திருக்கிறேன்,
எல்லாம் அண்ணாந்துதான்:
முகப்பு, மணிக்கூண்டு, செங்கல்லில் பதித்த வருஷம்.
அன்று குனிந்து பார்த்தேன்.
ஹோட்டல் படிக்கட்டுக்கு அடியில் ஒரு பச்சைக் கோலிக்குண்டு.
முடிதிருத்தும் நாற்காலியின் வயிற்றில்
கத்தியால் செதுக்கிய ஜே. கே.
சிறையறைக் கட்டிலின் கீழே
சுவரோரத் தரை மட்டும் பாதம் பட்டு வழுவழுப்பு.
யாரோ அந்தக் கட்டிலை வேறெங்கோ நகர்த்திவிட்டு
நடந்திருக்கிறார்,
நாள்கணக்கிலா, வருஷக்கணக்கிலா,
முட்டி வலிக்க மண்டியிட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மேபல் எங்கும் இல்லை.

வில்லா என்னை உட்காரவைத்து
ஒரு போட்டோவைக் காட்டினாள்.
1903, பெரிய தெரு, ஊரே நின்றிருக்கிறது.
எட்டு எண்ணும்வரை அசையாதிருக்கச் சொன்னார்களாம்.
மீசைகள், கவசம் போன்ற உடைகள், மூச்சடக்கிய குழந்தைகள்.
ஒவ்வொரு காலடியிலும் வெள்ளை மசியில் ஒரு பெயர்.
கீழ் ஓரத்தில் புகைபோல ஒரு தீற்றல், பெயரில்லாமல்.
"எனக்கு முன்னால் இருந்தவர் இதை நாய் என்பார்.
நாய் சொன்ன பேச்சு கேட்டிருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகைக்கு வெகு பக்கத்திலிருந்து.

சாயங்காலம்
மீசையெல்லாம் நூலாம்படையோடு
வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள் மேபல்.
எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு அறையைப்
பார்த்துவிட்டு வந்தவளின் முகம்.
ராய்ஸ் திட்டவில்லை.
டப்பாவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு
வெளியே போய் வெகுநேரம் மூக்கைச் சிந்தினான்.

கிளம்புகையில் ஒன்பது பேரும் கையசைத்தார்கள்.
நூற்றிருபது மைல் தள்ளி, இருட்டில், மழையில்
ராய்ஸ் வண்டிக்கு அடியில் தேடித் தேடிப் பார்த்தான்.
பலகைகள் அங்கேயே கிடக்கின்றன,
ஹார்லன்ஸ் ஃபோர்க்கில், எங்கள் சக்கரத் தழும்போடு.
வில்லா மியூசியக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பாள்,
அல்லது ஒரு எண் போட்டு
கண்ணாடிக்குள் வைத்திருப்பாள்.

கிண்ணத்தில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.
மேபல் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.
டீக்கன் மட்டும்
விடியும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.