ஏழாவது சன்னல்

நரின் ஆற்றுக்கு மேலே, கடைசி வீடு.
மெழுகுவர்த்தியோடு படியேறினோம்.
"மின்சாரம் பற்றிப் பேச வந்தவர்கள்
மெழுகுவர்த்தி ஏந்தி வருகிறீர்களே" என்று
சிரித்தாள் தொல்குனாய்.

சன்னல் சன்னலாகச் சுடரைக் காட்டினேன்.
முதலாவதில் நிமிர்ந்து நின்றது.
இரண்டாவதில் தலைசாய்த்தது,
பொய் சொல்கிறவன் பேச்சைக் கேட்பதுபோல.
சமையலறையில் அணைந்தே போனது.
"இந்த வழியாகத்தான் உங்கள் நிலக்கரி
மலைக்குப் போகிறது" என்றான் எர்மெக்.
அவன் கம்பளிக் கீற்றை நறுக்கித் தர
நான் செருகினேன், கத்தி முனையால் அழுத்தி.
கூரைமேல் ஜானிபெக்
சூரியத் தகட்டைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தான்;
அவன் பூட்ஸ் பனி
கண்ணாடிக்கு வெளியே கொட்டியது.

ஏழாவது சன்னலில் கையை மறித்தாள்.
"அதை விட்டுவிடு."
விரல் நுழையும் இடைவெளி. சுடர் துடித்தது.
"இதற்கே மாதம் ஒரு மூட்டை கரி போகும், அக்கா."
"போகட்டும். பட்டி அந்தப் பக்கம்.
ஓநாய் வந்தால் ஆடு கத்தாது,
ஒன்றையொன்று நெருக்கும். அந்தக் குளம்புச் சத்தம்
இந்த ஓட்டையில்தான் வரும்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கசிவு ஏழு, அடைத்தது ஆறு, காரணம் –
பேனா உறைந்திருந்தது. வாயருகே வைத்து ஊதினேன்.

பட்டிக் கம்பத்தில் விளக்கு மாட்டலாம் என்றான் எர்மெக்,
தகட்டிலிருந்து ஒரு கம்பி இழுத்து.
"மாட்டு. ஓநாய் ஒரு வாரம் பயப்படும்.
அப்புறம் அந்த வெளிச்சத்திலேயே
ஆட்டை எண்ணிப் பார்க்கும்."

மாட்டினோம்.
இரவு அங்கேயே படுத்தோம். வீடு கதகதவென்றிருந்தது.
எனக்கு ஏழாவது சன்னலின் கீழே இடம்.
ஒரு காது மட்டும் குளிர்ந்து
விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.